துணை சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரையின் அளவை மாற்றலாமா? அம்மாவுக்கு நடந்ததை வைத்துக் கேட்கிறேன்

ஒட்டன்சத்திரம் வாசகி (இழையைத் தொடங்கியவர்)

போன சனிக்கிழமை புரட்டாசி முதல் சனி. அம்மாவுக்கு 63 வயது, பதினொரு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், மூன்றும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதா மாதம் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

விரத நாளில் தளிகை போட்டு, படையல் முடிந்த பிறகுதான் அம்மா வாயில் சோறு வைப்பார். ஆனால் மாத்திரையை மட்டும் காலையிலேயே போட்டுவிடுவார். "மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்களே, அதனால். பதினொரு மணி இருக்கும். மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவருக்குக் கை நடுங்கியது. ரவிக்கை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்து, இறந்துபோன என் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் முன்னால் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டே துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த நர்ஸுக்கு என் வயதுகூட இருக்காது. விரலில் குத்திப் பார்த்தார். 52. சர்க்கரையைக் கரைத்து மெதுவாகக் குடிக்கவைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் அம்மாவின் கையை விடவில்லை. மறுபடி குத்தினார். 81. அதன் பிறகு, பதினொரு வருடத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அம்மா, சனிக்கிழமையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?"

காரணம் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இந்தக் கிளிபென்கிளமைடு மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை அக்கா. டாக்டரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்." டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். நான்கு முறை அழைத்து, பிற்பகல் இரண்டரைக்குத்தான் பதில் வந்தது: நிறுத்துங்கள், திங்கட்கிழமை அழைத்து வாருங்கள். அதுவரை அந்தப் பெண் எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. என்னை மட்டும் போய்த் தயிர்சாதம் எடுத்துவரச் சொன்னார்.

வெளிநாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இருக்கிறார்களாம், அவர்களே நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதுவார்களாம். நம் ஊரில் அது ஏன் கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாலைவனப் பூ

சகோதரி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அதை முதலில் சொல்லுங்கள்.

நான் நர்ஸ் பிராக்டிஷனர். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து லாஸ் குரூசஸ் நகரில் வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி. நானே பரிசோதித்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மருந்தைத் தொடங்கி, கூட்டி, குறைத்து, நிறுத்துகிறேன். என் எல்லைக்கு மேலே போனால் மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

இந்த வேலை பிறந்தது 1965இல், கொலராடோ பல்கலைக்கழகத்தில். லொரேட்டா ஃபோர்டு என்ற பொது சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். கிராமப்புறத்தில் குழந்தைகளைப் பார்க்க மருத்துவர் கிடைக்கவில்லை. நர்ஸுகளோ ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்துகொண்டிருந்த வேலைக்கு முறையான படிப்பைக் கொடுத்ததுதான் அந்த இருவரும் செய்தது. ஃபோர்டு அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில் காலமானார்.

ஆனால் அமெரிக்கா முழுவதும் ஒரே சட்டம் என்று நினைக்காதீர்கள். முன்பு நான் டெக்சாஸின் எல் பாசோவில் இருந்தேன். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே ஒரு மருத்துவருடன் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் நான் மருந்து எழுத முடியும். மாதந்தோறும் அவரைச் சந்தித்து என் நோயாளிகளின் பதிவேடுகளைக் காட்ட வேண்டும். மாநில எல்லையைத் தாண்டி இங்கே வந்த பிறகு அந்த ஒப்பந்தம் தேவைப்படவில்லை. அதே படிப்பு, அதே நான். ஆளின் திறமையைவிட ஊரின் சட்டம் பெரிதாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

---

ஊரக மருத்துவன்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர். வாசகி சொன்ன அந்தச் செவிலியர் செய்தது ஒவ்வொன்றும் சரி. சர்க்கரை 81க்கு ஏறியதும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்காரவைத்ததுதான் அதில் முக்கியமானது. கிளிபென்கிளமைடு உடம்பில் நெடுநேரம் வேலை செய்கிற மாத்திரை. ஏறின சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அது தெரிந்துதான் அவர் தயிர்சாதம் கேட்டிருக்கிறார்.

ஆனால் "நர்ஸே மருந்து எழுதட்டும்" என்பதை நான் ஏற்க மாட்டேன். காரணத்தைப் பொறுமையாகப் படியுங்கள்.

63 வயதில், பல வருடம் ஒத்துப்போன மாத்திரையிலேயே சர்க்கரை 52க்கு இறங்குகிறது என்றால், விரதம் ஒரு காரணம். அது மட்டும்தானா? போன புரட்டாசியிலும் விரதம் இருந்திருப்பார் அல்லவா? அப்போது ஏன் இறங்கவில்லை? எனக்கு முதலில் தோன்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் இந்த மாத்திரை உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கும். திங்கட்கிழமை போகும்போது கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து மறக்காதீர்கள்.

தெரிந்த நோய்க்குத் தெரிந்த மருந்தைத் தொடர்வது ஒரு வேலை. இன்னதென்று தெரியாத நோயோடு வருகிறவரைப் பிரித்துப் பார்ப்பது வேறு வேலை. "வாயுப் பிடிப்பு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வருகிறவர்களில் ஒருவருக்கு மாரடைப்பாக இருக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சிரித்துக்கொண்டு வருகிற டெங்கு நோயாளி அன்று மாலையே அதிர்ச்சி நிலைக்குப் போவார். அதைப் பிடிக்கத்தான் அத்தனை வருடம் படிக்கிறோம்.

அமெரிக்காவிலேயே மாற்றுக் கருத்து இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை வைத்து 2022இல் பொருளாதார அறிஞர்கள் இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்த நோயாளிகள் அதிக நேரம் தங்கினார்கள், தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனை அனுமதிகளும் கூடின என்பது அதன் முடிவு.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில் "சமுதாய சுகாதார வழங்குநர்" என்று ஒருவருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தர வழி செய்தது. மருத்துவர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தோம். வருமானம் போய்விடும் என்ற பயம் என்று சிலர் சொன்னார்கள். என் பயம் வேறு. நகரத்துக்காரனுக்கு டாக்டர், கிராமத்துக்காரனுக்கு ஆறு மாதச் சான்றிதழ் என்று ஆகிவிடக் கூடாது. நான் கிராமத்தில் பிறந்தவன்.

---

பணிநிறைவு செவிலி

டாக்டர் ஐயா, உங்கள் கடைசி வரி எனக்குப் பிடித்தது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்கு உங்கள் நிலையத்தில் பிரசவம் பார்ப்பது யார்?

மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளை நியமித்து, முறை வைத்து 24 மணி நேரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திறந்துவைத்தது நம் தமிழ்நாடு. சுகப் பிரசவங்களை நாங்கள்தான் பார்த்தோம். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் ஊசி போட்டது நாங்கள். வலிப்பு வந்த தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் முதல் ஊசியைப் போட்டு, 108இல் ஏற்றி, கூடவே போனதும் நாங்கள். அதற்கு அனுமதி எழுத்தில் இருந்தது, பயிற்சியும் இருந்தது. அதனால் ஊசியை எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியதில்லை.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. வாசகி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை தெரியும் அல்லவா? அந்த மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். 31,343 பெண்களைப் பார்த்தார்கள்.

முறை மிக எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் தடவ வேண்டும். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளையாகத் தெரியும். பணிக்காலத்தில் பின்னாளில் நானும் இதைச் செய்திருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் அந்த வெள்ளை மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கும்போது நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்கோ எந்த வலியும் இருக்காது, ஒன்றும் தெரியாது. களை எடுப்பதைப் பாதியில் விட்டு வந்திருப்பார், "சீக்கிரம் விடு தாயி" என்பார்.

அந்த ஆய்வில் நர்ஸுகள் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. தேவைப்பட்டவர்களுக்குத் திசு எடுத்து, அதே வருகையில் உறைய வைக்கும் சிகிச்சையையும் அவர்களே கொடுத்தார்கள். பெரிய கட்டியாக இருந்தால் மேலே அனுப்பினார்கள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. கொலராடோவுக்குப் போகவே வேண்டாம் ஐயா. நம் மண்ணில், நம் பெண்கள் செய்து காட்டியது இது.

---

மருந்துக்கடைக்காரர்

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. டாக்டரா நர்ஸா என்று நீங்கள் பேசுகிறீர்கள். ஊரில் முதலில் வருவது என் கடைக்கு. "மேலெல்லாம் வலி, ரெண்டு மாத்திரை கொடுங்கள்" என்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் போய் ஓ.பி. சீட்டு வாங்கி நின்றால் அன்றைய கூலி போய்விடும். நான் பார்மசி படித்தவன், மறுத்து அனுப்புகிறேன். அவர்கள் அடுத்த தெருவில் படிக்காமல் ஊசி போடுகிறவரிடம் போகிறார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுக்கு அதிகாரம் இல்லாத இடத்தில், பயிற்சியே இல்லாதவருக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது.

---

பனங்காடு

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கிலாந்தில் இருபது வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன்.

எங்கள் ஊரில் குடும்ப நல மருத்துவ மாது என்று ஒருவர் உண்டு. கர்ப்பிணியைப் பதிவதில் இருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் வரை அவர்தான் வீட்டுப் படியேறி வருவார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுதான் அதற்கு வித்து. வைத்தியர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மருத்துவ மாது பக்கத்தில் இருப்பார். நானும் அப்படி ஒருவர் பார்த்த பிள்ளைதான்.

இங்கிலாந்து நிலைமை இது. தாதி எல்லோருக்கும் மருந்தெழுத உரிமை இல்லை. தனியாக ஒரு பயிற்சி முடித்து, தகுதி பெற்று, அது பதிவேட்டில் நமது பெயருக்கு நேரே குறிக்கப்பட வேண்டும். 2006இல் இருந்து அந்தத் தகுதி உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லா மருந்தையும் எழுதலாம், ஆனால் தன் அறிவுக்கு உட்பட்டதை மட்டும். இந்த "மட்டும்" மிகப் பெரிய சொல். என்னால் ஆஸ்துமாவுக்கு எழுத முடியும், அது என் துறை. மனநோய்க்கான மருந்தைச் சட்டம் தடுக்காவிட்டாலும் நான் எழுத மாட்டேன். தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான், என் பின்னால் வைத்தியர் யாரும் நின்று கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தத் தங்கச்சி, "எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொன்னது குறை அன்று. அதைச் சொல்லிவிட்டு உங்களை விட்டுப் போகாமல் இருந்தாரே, அவர் கையில் நான் என் தாயை ஒப்படைப்பேன்.

---

ஒட்டன்சத்திரம் வாசகி

எல்லோருக்கும் நன்றி. அம்மா நன்றாக இருக்கிறார்.

ஊரக மருத்துவன் ஐயா, நீங்கள் எழுதியதைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். கிரியேட்டினின் 1.6, அதிகம்தான். அங்கிருந்த டாக்டர் அதைப் பார்த்ததும் கிளிபென்கிளமைடை அறவே நிறுத்திவிட்டார். மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைத்தார். மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டுமாம். வலி மாத்திரை கடையில் வாங்கிப் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறார், முழங்காலுக்கு. எனக்கே தெரியாது.

இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். விரதத்தைக் கேட்டது நர்ஸ். சிறுநீரகத்தை நினைத்தது டாக்டர். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் அடுத்த சனிக்கிழமை என்ன ஆகியிருக்கும்?

---

பாலைவனப் பூ

டாக்டர் சொன்னது முழுக்க நியாயம். அந்த 2022 ஆய்வை நானும் படித்தேன். அது அவசரப் பிரிவு. யார் என்ன நோயோடு வருவார்கள் என்று தெரியாத இடம். தொடர் சிகிச்சையில் நிலைமை வேறு. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மருத்துவரிடமும் நர்ஸ் பிராக்டிஷனரிடமும் பிரித்து அனுப்பிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஆறு மாதம் கழித்து இரு பக்கமும் உடல்நிலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே எங்கே, எந்த வேலைக்கு என்பதைப் பிரித்துப் பேச வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது எங்கள் தரப்புக்கு எதிரானது. இங்கே நர்ஸ் பட்டத்துக்கு மேல் முதுநிலைப் படிப்பு கட்டாயம். ஆனால் அதில் நோயாளியோடு செலவிட வேண்டிய நேரம் நெடுங்காலம் குறைந்தது 500 மணி நேரமாக இருந்தது. 2022இல் வந்த புதிய தரவரையறை அதை 750 ஆக உயர்த்தியது. மூன்றாண்டு ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடித்த குடும்ப மருத்துவரோடு ஒப்பிட்டால் அது கால்வாசிகூட இல்லை. புதிதாக வந்த முதல் வருடத்தில் பக்கத்து அறையில் ஒரு மருத்துவர் இருந்தது எனக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. இந்தியாவில் இதைக் கொண்டுவருகிறவர்கள் படிப்பைச் சுருக்கிவிட்டு அதிகாரத்தை மட்டும் கொடுத்தால், அடிபடப்போவது நோயாளியும் அந்த நர்ஸும்தான்.

வாசகி, என் நோயாளி என்றால் கிரியேட்டினின் வருடத்துக்கு ஒரு முறையாவது தானாகவே நடந்திருக்கும். என் நினைவாற்றலை நம்பி அதை விடுவதில்லை, சர்க்கரை நோயாளிகளுக்கான நெறிமுறையிலேயே இருக்கிறது.

---

ஊரக மருத்துவன்

கிரியேட்டினின் பார்த்ததில் மகிழ்ச்சி. சிறுநீரகத்துக்கு ஆகாத அந்த வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்.

செவிலி அம்மா, திண்டுக்கல் ஆய்வு எனக்குத் தெரியும், மறுக்கவில்லை. அதில் ஒன்றைக் கவனியுங்கள். நர்ஸுகளுக்கு ஒரு நோய், ஒரு பரிசோதனை, தெளிவான முடிவு: வெள்ளையாக மாறினால் இது, பெரிதாக இருந்தால் அது. அந்தத் தெளிவுதான் வெற்றிக்குக் காரணம். அதேபோல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எழுதித் தரலாம் என்றால் நான் எதிர்க்க மாட்டேன். 70க்குக் கீழே இறங்கினால் அன்றைய மாத்திரையை நிறுத்து, டாக்டருக்குத் தெரிவி. வருடம் ஒரு முறை கிரியேட்டினின். பாதத்தைப் பார். இதற்கெல்லாம் என் கையெழுத்துக்காக ஒரு மூதாட்டி மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று முகாமில் இருந்த அந்த டாக்டரையும் நினைத்துப் பாருங்கள். நானாகக்கூட இருந்திருக்கலாம். ஒரே நாளில் நூற்றைம்பது பேரைப் பார்க்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்வதுகூடத் தெரியாது. சுகாதாரப் பணியாளர் மருத்துவரைத் தொலைவிலிருந்து கலந்தாலோசிப்பதற்கு 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளிலேயே இடம் இருக்கிறது. அழைப்பை எடுப்பதற்கென்று ஒரு டாக்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

---

பணிநிறைவு செவிலி

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. நான் வேண்டுவதும் எழுத்தில் ஓர் அனுமதிதான். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு வந்திருக்கிறது. பிரசவத்துக்கு 18 மாதப் பயிற்சி வந்திருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற கிராமத்துப் பெண்ணுக்கும் அந்த அளவு ஆழமான படிப்பு வேண்டும். அதற்கேற்ற சம்பளமும் நிரந்தர வேலையும் வேண்டும். பொறுப்பை மட்டும் ஏற்றிவிட்டு ஒப்பந்த ஊழியராகவே வைத்திருந்தால், நல்ல பெண்கள் விமானம் ஏறிவிடுவார்கள். பாலைவனப் பூவையும் பனங்காட்டையும் நான் குறை சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம்.

---

ஒட்டன்சத்திரம் வாசகி

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். எழுதி வைத்திருப்பது இது:

"எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸுக்கு மருந்து எழுதும் முழு அதிகாரம் வழங்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வருடம் ஒரு முறை சிறுநீரகப் பரிசோதனை செய்ய வேண்டும். மருத்துவர் இல்லாத நேரத்தில் நர்ஸ் உடனே பேச ஒரு மருத்துவரின் எண் வேண்டும்."

சரியாக இருக்கிறதா?

---

பணிநிறைவு செவிலி

முதல் வரியை மாற்றிவிடு மகளே. முழு அதிகாரம் கேட்டால் "சட்டத்தில் இடமில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கும் தேவையில்லாத சங்கடம். இப்படி எழுது: "சர்க்கரை தாழ்ந்த நிலையில் செவிலியர் உடனடியாகச் செய்ய வேண்டியவற்றையும், அன்றைய மாத்திரையை நிறுத்திவைப்பதையும் எழுத்துப்பூர்வமான நெறிமுறையாக மாவட்ட சுகாதார அலுவலர் வழங்க வேண்டும்." விரத நாட்களையும் சேர்த்துக்கொள். புரட்டாசிச் சனி, கிருத்திகை, நோன்பு மாதம், தவக்காலம் எல்லாம். மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் அந்த நாட்களுக்கு முந்தைய வாரம் "எப்போது சாப்பிடுவீர்கள்" என்று கேட்டு அட்டையில் குறிக்க வேண்டும் என்றும் எழுது.

மனுவை எழுதியதும் முதலில் அந்த நர்ஸிடம் காட்டிப் படிக்கச் சொல். அவளுக்குத் தெரியாமல் அவளுக்காக எதுவும் கேட்காதே.

---

ஒட்டன்சத்திரம் வாசகி

காட்டினேன் அம்மா. இரண்டு முறை படித்தார். "சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் தீர்ந்துபோனால் அடுத்தது வரப் பல நாள் ஆகிறது, அதையும் சேர்க்க முடியுமா அக்கா" என்று கேட்டார். கடைசி வரியாகச் சேர்த்துவிட்டேன்.